ஒரே உறுதிமொழி: மலாயில் 'காமி', தமிழில் 'நாம்' – எது பிழை?

சிராங்கூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் மலாயை மூன்றாம் மொழியாக எடுத்திருக்கிறாள். சென்ற வாரம் அவளுடைய ஆசிரியை 'கித்தா', 'காமி' என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை விளக்கியிருக்கிறார். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசினால் 'கித்தா'. கேட்பவரை விலக்கித் தம்மவரை மட்டும் குறித்தால் 'காமி'. மற்றப் பிள்ளைகள் எடுத்துக்காட்டுக்குமேல் எடுத்துக்காட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் 'இது நம் வீட்டு நாம், நாங்கள் தானே' என்று அங்கேயே பிடித்துக்கொண்டாளாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சிக்கல் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. இங்கே பள்ளிகளில் சொல்லும் நாட்டு உறுதிமொழி மலாயில் 'காமி, வார்கநெகாரா சிங்கப்பூரா' என்று தொடங்குகிறது. அதுவே தமிழில் 'சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது. மலாய் சரியென்றால் தமிழில் 'நாங்கள்' என்று வர வேண்டும். தமிழ் சரியென்றால் மலாயில் 'கித்தா' என்று வர வேண்டும். 'அப்பா, இரண்டில் எது பிழை?' என்று கேட்டுவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள். நான் தூங்கவில்லை.

உறுதிமொழியை 1966இல் எஸ். இராஜரத்தினம் ஆங்கிலத்தில் எழுதினார் என்பதும், அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் அவருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டிய தேவையில்லை. மொழிபெயர்த்தவர்கள்தாம் ஏதேனும் ஒரு பக்கம் சாய வேண்டியிருந்தது. இருவரும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தது ஏன்?

பிழைதிருத்தி எழுதியது:

சென்னையில் பல ஆண்டுகளாக அச்சுப்படி திருத்துகிறேன். இந்த இரு சொற்களையும் நாள்தோறும் மாற்றிக்கொண்டே இருப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் மகளின் கேள்வியில் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. தமிழில் 'நாம்' என்று வந்தால் அது எப்போதும் கேட்பவரை உட்படுத்தும் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். பேச்சில் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் எழுத்தில், அதிலும் அரசு ஓசை உள்ள எழுத்தில், 'நாம்' என்பதற்கு வேறொரு வேலையும் உண்டு; அது பெருமிதத்தைக் காட்டும். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் இராசராசன் 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' என்றும், 'நாங்குடுத்தனவும்' என்றும் சொல்கிறான். கோயிலை அவன் எடுப்பித்தான். கல்லில் எழுத்து வெட்டிய தச்சனையோ அதைப் படிக்கும் நம்மையோ சேர்த்துக்கொண்டு அவன் அப்படிச் சொல்லவில்லை. இந்திய அரசமைப்பின் முகப்புரை தமிழில் 'இந்திய மக்களாகிய நாம்' என்று வருவதிலும் இந்த ஓசையின் சாயல் இருப்பதாக எனக்குப் படுகிறது. 'இந்திய மக்களாகிய நாங்கள்' என்று எழுதிப் பாருங்கள். யாரோ ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வந்து வரிசையில் நிற்பதுபோல் இருக்கிறது.

ஆகவே தமிழ் உறுதிமொழியில் இருப்பது இலக்கணத் தேர்வு என்பதைவிட நடைத் தேர்வு என்பேன். பிழை ஏதும் இல்லை.

கிள்ளான்ஆசிரியர் எழுதியது:

பிழைதிருத்தி சொல்வது தமிழுக்குப் பொருந்தலாம். மலாய்ப் பக்கத்தை அவர் தொடவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நான் மலேசியாவில் இரு மொழிகளிலும் பாடம் நடத்தியவன்.

'காமி' அங்கே தற்செயலாக வரவில்லை. மலேசியாவின் நாட்டுக் கோட்பாடான ருக்குன் நெகாரா 1970இல் வெளியிடப்பட்டது; அதன் உறுதிமொழிப் பகுதியிலும் மக்கள் தம்மைக் 'காமி' என்றே குறிக்கிறார்கள். இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17 அன்று செய்த விடுதலை அறிவிப்பின் முதற்சொல்லே 'காமி'தான்: 'காமி பங்ஸா இந்தோனேசியா'. அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு நின்ற கூட்டமும் இந்தோனேசியர்களே ஆயினும், சொல் அவர்களை நோக்கிச் செல்லவில்லை. உலகத்தை நோக்கி, அதாவது இந்தோனேசியர் அல்லாதவர்களை நோக்கிச் செல்கிறது. அங்கே 'கித்தா' என்று எழுதியிருந்தால் நெதர்லாந்தையும் சேர்த்து விடுதலை அறிவித்த கணக்காகியிருக்கும்!

இப்போது சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணைப் பாருங்கள். 'மாரி கித்தா ராக்யாட் சிங்கப்பூரா', அதாவது 'வாருங்கள், சிங்கப்பூர் மக்களாகிய நாம்' என்று அது தொடங்குகிறது. ஒருவரை ஒருவர் அழைக்கும்போது 'கித்தா'. எதிரே நிற்கும் ஏதோ ஒன்றுக்கு வாக்குக் கொடுக்கும்போது 'காமி'. ஒரே காலை அணிவகுப்பில், சில நிமிட இடைவெளியில், அதே பிள்ளைகள் அதே மொழியில் இரு சொற்களையும் சொல்கிறார்கள். குழுவில் இருப்பவர்கள் மாறவில்லை, கேட்பவர் மாறிவிட்டார். மகளுக்கு இதைச் சொல்லுங்கள்: 'யார் யார் சேர்ந்தது?' என்று கேட்பதற்குமுன் 'யாரிடம் சொல்கிறோம்?' என்று கேட்க வேண்டும்.

பழையஏடு எழுதியது:

கிள்ளான் ஆசிரியரின் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்தக் கேள்வியை நம் இலக்கணிகள் பெயர்ச்சொல்லில் மட்டுமன்றி வினைச்சொல்லிலும் எழுப்பியிருக்கிறார்கள் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

நன்னூலின் 332ஆம் நூற்பா 'அம் ஆம் என்பன முன்னிலை யாரையும், எம் ஏம் ஓம் இவை படர்க்கை யாரையும்' தன்னொடு சேர்க்கும் என்கிறது. 'உண்டாம்' என்றால் நானும் நீயும் உண்டோம். 'உண்டேம்' என்றால் நானும் அவனும் உண்டோம், நீ உண்ணவில்லை. இன்று 'ஓம்' ஒன்றே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. 'நாம் உண்டோம்', 'நாங்கள் உண்டோம்' என்று பெயரை வைத்துத்தான் பிரித்தறிகிறோம். பெயரை விட்டுவிட்டு 'உண்டோம்' என்று மட்டும் சொன்னால் எதிரே இருப்பவர் சாப்பிட்டாரா என்பது தெரியாது.

பெயர்களிலும் ஒரு கதை இருக்கிறது. பழந்தமிழில் கேட்பவரை விலக்குவது 'யாம்', உட்படுத்துவது 'நாம்'. பின்னர் 'கள்' சேர்ந்த வடிவம் யாமின் இடத்துக்கு வந்தது. 'நாங்கள்' வேற்றுமை ஏற்கும்போது 'நங்கள்' என்று ஆகாமல் 'எங்கள்' என்று ஆவது ஏன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 'நாம்' என்பது 'நம்' ஆகும். 'யாம்' என்பது 'எம்' ஆகும். 'எங்கள்' என்பது 'எம்' வழி வந்தது. அதாவது, 'நாங்கள்' தலையில் நகரத்தைச் சூடிக்கொண்டாலும் உடம்பு யாமின் உடம்புதான். மலையாளத்தில் அது 'ஞங்ஙள்' என்று நிற்கிறது. கேட்பவரை உட்படுத்துவதற்கு அவர்களிடம் 'நம்மள்' இருக்கிறது. தெலுங்கில் 'மேமு' விலக்கும், 'மனமு' உட்படுத்தும்.

ஆனால் நன்னூல் விதியைக் கையில் வைத்துக்கொண்டு சங்கப் பாட்டைப் படித்தால் உடனே இடறுகிறது. பாரி மகளிர் பாடிய புறநானூறு 112ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'எந்தையும் உடையேம்' என்கிறார்கள். 'ஏம்' விலக்குவது, சரி. 'எம் குன்றும்' என்கிறார்கள், அதுவும் சரி. இறுதியில் 'யாம் எந்தையும் இலமே' என்று முடிக்கிறார்கள். 'இலம்' என்பதில் இருப்பது 'அம்'. விதிப்படி அது கேட்பவரை உட்படுத்த வேண்டும். அக்காள் தங்கையைப் பார்த்துச் சொல்கிறாள் என்று கொண்டால் 'இலம்' பொருந்தும். ஆனால் அப்போது 'யாம்' என்பதும் 'உடையேம்' என்பதும் இடிக்கும். இருவரும் சேர்ந்து பிறரிடம் சொல்கிறார்கள் என்று கொண்டால் 'இலம்' இடிக்கும். ஐந்தே அடிகள், விதி முழுமையாக நிற்கவில்லை. வினையில் இந்த வேறுபாடு அப்போதே தளரத் தொடங்கியிருந்தது என்று நான் கருதுகிறேன். அப்பர் 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று பாடும்போது 'நாம்' என்பதோடு 'ஓம்' கைகோத்துக்கொள்கிறது. 'ஓம்' விலக்கும் என்று நன்னூலார் எழுதுவது அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. இலக்கணம் வழக்கைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடிய இடங்களில் இதுவும் ஒன்று.

வடமராட்சியான் எழுதியது:

இந்த இழையை வாசித்துக்கொண்டு வந்தபோது எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. 'தமிழர் எல்லோரும் இதை அறியாமலே சரியாகச் செய்கிறார்கள்' என்னும் எண்ணம் இங்கே உள்ளோடுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் அப்படி இல்லை. நண்பனைக் கடைக்குக் கூப்பிடும்போதும் 'நாங்கள் ரெண்டு பேரும் போவம்' என்போம். அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போகும்போதும் 'நாங்கள் போறம்' என்போம். 'நாம்' என்பது மேடைக்கும் செய்தித்தாளுக்கும் உரியது. அதை வீட்டில் சொன்னால் ஆச்சி சிரிப்பார்.

நான் தமிழ்நாட்டுக்குப் படிக்க வந்த புதிதில் இதனால் பட்டது கொஞ்சமன்று. விடுதி அறையில் இருந்த மற்ற இருவரிடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'நாங்கள் எல்லாரும் படம் பார்க்கப் போவம்' என்று சொல்லிவிட்டு உடை மாற்றினேன். அவர்கள் அசையவே இல்லை. என் ஊர்ப் பையன்கள் எல்லோரும் போகப்போவதாகவும், தங்களை விட்டுவிட்டதாகவும் எண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். காட்சி நேரம் கடந்த பிறகுதான் விளங்கியது.

பழையஏடு அவர்களிடம் ஒரு கேள்வி. 'போவம், செய்வம், வந்தம்' என்று எங்கள் பேச்சில் வரும் 'அம்', நன்னூல் சொல்லும் அந்த 'அம்' தானோ? அப்படியென்றால் உட்படுத்தும் விகுதியை நாங்களும், உட்படுத்தும் பெயரை நீங்களும் வைத்துக்கொண்டோம் என்று பங்கு பிரித்த கணக்கில் எழுதலாம்.

பழையஏடு எழுதியது:

எழுத ஆசையாகத்தான் இருக்கிறது; ஆனால் கை வரவில்லை. 'போவோம்' என்பதில் உள்ள ஓகாரம் பேச்சில் குறுகிக் 'போவம்' ஆகியிருக்கவும் கூடும். பழைய விகுதி எஞ்சி நின்றதா, புதியது தேய்ந்து பழையதைப் போல் ஆனதா என்று ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மேலும், உங்கள் 'அம்' கேட்பவரை விலக்கும் இடத்திலும் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'நாங்கள் போறம்' என்று நண்பனை வீட்டில் விட்டுப் போகும்போதும் அதுதானே? பங்கு பிரிப்பு அழகாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது.

இன்னொன்று. வேறுபாடு கரைவது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றே இரண்டுக்கும் போதும். அண்டை வீட்டில் எதிர்த்திசையும் உண்டு: வடக்கே மராத்தியிலும் குசராத்தியிலும் இந்த வேறுபாடு இருக்கிறது, இந்தியில் இல்லை. திராவிட மொழிகளின் தாக்கத்தால் அவை இதைப் பெற்றன என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

நெல்லைக்காரி எழுதியது:

நூற்பாவும் கல்வெட்டும் பேசியாகிவிட்டது. நான் வீட்டுக்குள்ளிருந்து எழுதுகிறேன்.

கூடப் பிறந்தவர்களிடம் 'எங்க அம்மா' என்று யாரும் சொல்வதில்லை. தோழியிடம் 'எங்க அம்மா'. தங்கையிடம் வெறும் 'அம்மா', தேவைப்பட்டால் 'நம்ம அம்மா'. சிறு பிள்ளைகள் சண்டை போடும்போது மட்டும் 'எங்க அம்மாவைத் தொடாதே' என்று தம்பியிடமே சொல்லும். தம்பியை வீட்டுக்கு வெளியே தள்ளுவதற்கு அதைவிடக் கூரான ஆயுதம் அந்த வயதில் கிடையாது. பெரியவர்களும் அதைச் செய்கிறார்கள். என் புகுந்த வீட்டில் பாகப்பிரிவினை எழுதிப் பதிவு முடித்துத் திரும்பிய அன்று மாலை, அதுவரை 'நம்ம கிணறு' என்று சொல்லிவந்த மூத்தார், மின்மோட்டார் பற்றிய பேச்சில் 'எங்க கிணறு' என்றார். பத்திரத்தில் கிணறு அவர் பங்குக்கு வந்திருந்தது உண்மைதான். ஆனாலும் என் கணவர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. இதை ஆங்கிலத்தில் எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளும் அவர் ஒரே சொல்லைச் சொன்னதாகத்தான் ஆகும்.

சொல்பவரே வெளியில் நிற்கும் 'நாம்' ஒன்றும் இருக்கிறது. மருத்துவர் வந்து 'என்ன, நாம் இன்னைக்கு மாத்திரை சாப்பிட்டோமா?' என்று கேட்கிறார். சாப்பிட வேண்டியது நான் மட்டும்தான்.

மொழிபெயர்ப்பு என்றதும் விவிலியம் நினைவுக்கு வருகிறது. ஞாயிறு பள்ளியில் நான் இதை யோசித்திருக்கிறேன். பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 6:9 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்கிறது. கடவுளிடமே பேசுவதால் 'நம் பிதாவே' என்று சொல்ல முடியாது. சொன்னால் கடவுளுக்கும் ஒரு தகப்பன் வந்துவிடுவார். ஆதியாகமம் 1:26இல் 'நமது சாயலாகவும்' என்று இருக்கிறது. அங்கே பேசுபவரும் கேட்பவரும் ஒரே பக்கம். இவை இரண்டும் எளிது. கடினமானது மாற்கு 4:38. புயலில் படகு தத்தளிக்கிறது. இயேசு அதே படகில் தூங்குகிறார். சீடர்கள் எழுப்பிச் 'சாகிறோம்' என்கிறார்கள். கிரேக்க மூலத்தில் வினைமுற்று மட்டுமே இருக்கிறது. தமிழில் 'நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா' என்று ஆக்கியிருக்கிறார்கள். அப்படியானால் படகு கவிழ்ந்தாலும் அவர் மடியமாட்டார் என்று சீடர்கள் நம்பினார்களா? நம்பியிருந்தால் அவ்வளவு ஏன் பயந்தார்கள்? லூக்கா 8:24இல் அதே காட்சிக்கு 'ஐயரே, ஐயரே, மடிந்துபோகிறோம்' என்று பெயரை விட்டுவிட்டார்கள். பழையஏடு சொன்ன அந்த 'ஓம்' அங்கே மொழிபெயர்ப்பாளரைக் காப்பாற்றியிருக்கிறது.

பிழைதிருத்தி எழுதியது:

நெல்லைக்காரி சொன்ன கிணற்றை நான் மறக்கமாட்டேன். ஆனால் 'கடவுளிடம் பேசும்போது நாம் என்று சொல்ல முடியாது' என்பதை மட்டும் மறுக்கிறேன். திருப்பாவையின் 29ஆம் பாட்டில் ஆண்டாள் கண்ணனைப் பார்த்தே 'உனக்கே நாம் ஆட்செய்வோம், மற்றை நம் காமங்கள் மாற்று' என்கிறாள். ஆட்செய்வது ஆயர் சிறுமியர். கண்ணன் தனக்குத் தானே ஆட்செய்ய மாட்டான். உட்படுத்தும் 'நாம்' என்று வைத்துக்கொண்டால் பொருளே வராது. மக்கள் நாவில் அன்றாடம் இருக்கும் பாட்டிலேயே இப்படி என்றால், உறுதிமொழியின் 'நாம்' பற்றி நான் முதலில் சொன்னதுதான் நிற்கிறது: அந்தச் சொல் தமிழில் எப்போதுமே இருபக்கமும் சாயக் கூடியது.

பழையஏடு எழுதியது:

29க்கு முந்திய பாட்டை விட்டுவிட்டீர்களே. 28இல் 'புண்ணியம் யாம் உடையோம்' என்கிறாள். புண்ணியம் செய்தவர்கள் சிறுமியர் மட்டும் என்பதால் 'யாம்'. அடுத்து, அதே பாட்டில், 'உன்தன்னோடு உறவேல் நமக்கு இங்கு ஒழிக்க ஒழியாது' என்கிறாள். உறவு இரு பக்கமும் உள்ளது, அவனையும் பிடித்துக் கட்டுவது, அதனால் 'நமக்கு'. ஒரே மூச்சில் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பேசத் தெரிந்தவள் அடுத்த பாட்டில் கவனக்குறைவாக 'நாம்' என்று சொல்லியிருப்பாள் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 29இல் அந்த ஒரு வரியை அவள் தோழியரிடம் திரும்பிச் சொல்கிறாள் என்று படிக்கலாம். அல்லது உறவு ஒழியாது என்று 28இல் கட்டிய கட்டை 29லும் அவிழ்க்காமல் வைத்திருக்கிறாள் என்றும் படிக்கலாம். 'உனக்கே' என்று அவனை நேரே விளித்திருப்பதால் முதல் வழி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இரண்டாவதே எனக்கு உகந்தது. நீங்கள் சொல்லும் மூன்றாவது வழி, அதாவது இருபக்கமும் சாயும் 'நாம்', இலக்கணப்படி இயலக்கூடியதே என்பதையும் மறுக்கவில்லை.

கிள்ளான்ஆசிரியர் எழுதியது:

ஆண்டாளிடம் போனதில் உறுதிமொழி நின்றுவிட்டது. தமிழ் உறுதிமொழியின் 'நாம்' வெறும் ஓசைக்காக என்பதை நான் ஏற்கவில்லை என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அந்த வாசகம் 'உறுதி மேற்கொள்வோமாக' என்று முடிகிறது. 'வோமாக' என்பது ஒருவரை ஒருவர் தூண்டும் வடிவம். 'நாங்கள் மேற்கொள்வோமாக' என்று தமிழில் வராது. மலாய் வினையோ உறுதி கூறுகிறோம் என்று நேராக அறிவிக்கிறது. மலாயில் அது வாக்கு. தமிழில் அது அழைப்பு. மொழிபெயர்த்தவர் கடைசிச் சொல்லை அப்படி முடிவு செய்த பிறகு முதற்சொல் தானாகவே 'நாம்' ஆகிவிட்டது. பிள்ளை கேட்ட இரண்டும் அவையவை இருக்கும் வாக்கியத்துக்குள் சரியானவை.

சிராங்கூன்வாசி எழுதியது:

இத்தனை விடைகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கிள்ளான் ஆசிரியரின் இரு பதிவுகளையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். 'நீ காலையில் உறுதிமொழி சொல்லும்போது யார் கேட்கிறார்கள்?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். மாணவர் எல்லோரும் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் சொல்கிறார்கள், மேடையில் நிற்கும் முதல்வரும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொல்கிறார், வாயை மூடிக்கொண்டு கேட்பது கொடி மட்டும்தான் என்றாள்.

பிறகு வேறொரு கேள்வி கேட்டாள். சிங்கப்பூரர் அல்லாத அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி தினமும் அதே வரிசையில், உறுதிமொழி சொல்லாமல், மரியாதையாக நிற்கிறாளாம். 'அப்படியென்றால் அவளும்தான் கேட்கிறாள். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு நான் எதைச் சொல்ல வேண்டும்?' என்கிறாள். இதற்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.

வடமராட்சியான் எழுதியது:

எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். 'நாங்கள்' என்று சொன்னால் தோழி உள்ளே இருக்கிறாளா வெளியே இருக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது.